உங்க ஊர்ல என்ன விசேஷம்?

ரயிலில் எதிர் சீட்டுக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, "உங்களுக்கு எந்த ஊருங்க?" பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது கேள்வி வந்துவிடும். "அங்க என்ன விசேஷம்?"

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது உங்கள் குரல் மாறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதுவரை ஜன்னலோரத்தில் சாய்ந்து கிடந்தவர் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஏதோ நீங்களே முதலீடு போட்டு ஊரைக் கட்டியது போல ஒரு தோரணை வந்துவிடும்.

எனக்கும் வரும். நான் சேலத்துக்காரன். மல்கோவா மாம்பழத்தில் ஆரம்பிப்பேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு, வெண்பட்டு, ஜவ்வரிசி என்று போவேன். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, நூறு படங்களுக்கு மேல் எடுத்தது எங்கள் ஊரில்தான் என்பேன். ராஜாஜி நாட்டுக்கே கவர்னர் ஜெனரல் ஆவதற்கு முன்னால், 1917-லிருந்து 1919 வரை எங்கள் நகராட்சிக்குத்தான் சேர்மன் என்று ஒரு போடு போடுவேன்.

பக்கத்தில் நாமக்கல்காரர் இருந்தால் தொலைந்தது. "எங்க மலை ஒரே பாறைங்க" என்று அவர் ஆரம்பிப்பார். எட்டாம் நூற்றாண்டில் அந்தப் பாறையைக் குடைந்து செய்த இரண்டு குடைவரைக் கோயில்கள், மேலே கோட்டை, கூரையே இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர், நாமக்கல் கவிஞர், முட்டை, லாரி. கடைசியில் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார். "கணித மேதை ராமானுஜனுக்குக் கனவுல வந்து கணக்கு சொல்லிக் குடுத்ததே எங்க நாமகிரித் தாயார்தாங்க."

ராமானுஜன் 1887-ல் பிறந்தது ஈரோட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில். குலதெய்வம் நாமக்கல்லில். உயிரோடு இருந்தபோது ஒரு கிளார்க் வேலைக்காக மெட்ராஸில் அலைந்த மனிதருக்கு இன்று மூன்று ஊர் சொந்தம் கொண்டாடுகிறது.

சிரிக்காதீர்கள். உங்கள் ஊரிலும் இதுதான் நடக்கிறது.

என் தங்கை மகள் பெங்களூருவில் எட்டாவது படிக்கிறாள். போன கோடை லீவில் வந்திருந்தபோது தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கெட்டி முதலிகள் கட்டிய கோயில். கல்லிலேயே சங்கிலி, வாய்க்குள் உருளும் கல் உருண்டையோடு நிற்கும் யாளி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். ஒரு தூணில் ராமன் வில்லோடு நிற்பார். இன்னொரு தூணில் வாலி. ராமன் பக்கத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிவார். வாலி பக்கத்தில் நின்று பார்த்தால் ராமன் தெரியமாட்டார். மறைந்து நின்று அம்பு விட்ட கதையை அந்தச் சிற்பி தூண்களை வைத்தே சொல்லியிருக்கிறார். அவளை இங்கேயும் அங்கேயும் நிற்க வைத்துக் காட்டினேன். அசந்துபோனாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா கண்ணு, நாங்க எப்பிடிச் செதுக்கியிருக்கோம்?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே சந்தேகம்.

"நாங்கன்னா யாரு மாமா? இதுல நீங்க என்ன பண்ணுனீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. "வா, போய் இளநி குடிக்கலாம்" என்று சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நான் செய்யாத ஒன்றுக்காக நான் பெருமைப்படலாமா?

கறாராக யோசித்தால் கூடாது. சேலத்தில் பிறந்தது என் சாமர்த்தியம் இல்லை. என் அம்மாவுக்கு அங்கே வலி எடுத்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய மெடலை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் என்ன சொல்வீர்கள்? அந்த மெடல் 300 வருஷத்துக்கு முன்னால் வாங்கியதாக இருந்தால் மட்டும் எப்படி அது என்னுடையது ஆகும்?

ஆனால் இந்தக் கறார்த்தனத்தில் ஒரு வறட்சி இருக்கிறது. அப்படிப் பார்த்தால் என் தாத்தாவை நினைத்துக்கூட நான் பெருமைப்பட முடியாது. என் பெண் பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால் எனக்கு ஏன் தொண்டை அடைக்கிறது? எழுதியது அவள்தானே! மனிதன் தன் தோலோடு முடிந்துவிடுவதில்லை. 'நான்' என்பதைச் சுற்றி 'நாங்கள்' என்று ஒரு வட்டம் இருக்கிறது. அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது ஆதார் அட்டையும் பான் கார்டும்தான்.

அப்படியானால் அந்த வட்டத்துக்குள் நிற்கும் உரிமை எப்படி வருகிறது? பிறந்தாலே போதுமா?

இதற்கு ஒரு பதில் எங்கள் குகைப் பகுதியில் இருக்கிறது. ஆடி மாதத்தில் சேலத்துக்கு வந்திருக்கிறீர்களா? கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரில் இருக்கும் அத்தனை மாரியம்மன்களுக்கும் திருவிழா. அதில் குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு ராத்திரி 'வண்டி வேடிக்கை'. சாயங்காலத்திலிருந்தே ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். வீட்டு மாடி, கடைத் திண்ணை, மதில் சுவர் என்று எல்லா இடத்திலும் தலைகள். அலங்காரம் செய்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றில் சிவன் பார்வதி, ஒன்றில் முருகன், ஒன்றில் மகிஷனை மிதித்தபடி அம்மன். எல்லாம் பொம்மை இல்லை, மனிதர்கள்.

யார் அவர்கள்? நம் ஊர்க்காரர்கள்தான். தறிக்காரர், கடைக்காரர், காலேஜ் பையன். காலையில் உங்களுக்கு அரிசி நிறுத்துக் கொடுத்தவர் ராத்திரி பரமசிவனாக அசையாமல் உட்கார்ந்திருப்பார். நீங்கள் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். அவர் உங்களைத் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ள மாட்டார். அன்றைக்கு அவர் சாமி! மறுநாள் காலையில் பழையபடி தராசு.

இது நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பெயின் நாட்டில் அலிகாந்தே மாகாணத்தில் எல்சே என்று ஓர் ஊர். பேரீச்சைத் தோப்புக்கும் செருப்புத் தயாரிப்புக்கும் பேர்போனது. அங்கே ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 14, 15 தேதிகளில், அதாவது நம் ஆடி மாதக் கடைசி வாரத்தில், பெரிய சர்ச்சுக்குள்ளேயே ஒரு பாட்டு நாடகம் போடுகிறார்கள். மாதா சொர்க்கத்துக்குப் போகும் கதை. பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. சர்ச்சுக்குள் நாடகமா என்று எதிர்ப்பு வந்தபோது, 1632-ல் போப்பே அனுமதி கொடுத்திருக்கிறார். கூரையிலிருந்து மாதுளம்பழம் போல ஒரு கூண்டு கயிற்றில் இறங்கி, விரிந்து, உள்ளேயிருந்து தேவதை வருவாள். தேவதையும் மாதாவும் ஊர்ப் பையன்கள்தான். பாடுவது, கயிறு இழுப்பது, துணி தைப்பது எல்லாமே ஊர் ஜனம். 2001-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் கலைகளில் ஒன்றாக அறிவித்தது.

குகைக்கு யுனெஸ்கோ வரவில்லை. வராவிட்டால் என்ன? எல்சேயில் கயிறு இழுப்பவருக்கும் குகையில் சீரியல் பல்பு கட்டுபவருக்கும் நடுவில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "எங்க ஊரு விசேஷம்" என்று சொல்ல இருவருக்கும் உரிமை உண்டு. மரபு என்பது பீரோவில் பூட்டி வைத்த நகை இல்லை. கை மாற்றி கை மாற்றிச் செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலை. ஒரு வருஷம் யாரும் வேஷம் கட்டாவிட்டால் அந்த வருஷம் வண்டி வேடிக்கை இல்லை. வேலை செய்தவனுக்குப் பெருமையில் பங்கு. நியாயம்தானே?

அப்பாடா, மருமகளுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவளிடம் சொல்ல ஒரு கதையும் ரெடி. என் பெரியப்பா கதை.

பெரியப்பா வண்டி வேடிக்கையில் வருஷா வருஷம் வேஷம் கட்டுவார். பெரும்பாலும் கிருஷ்ணர். அவருக்கு நூலுக்குச் சாயம் போடும் சிறிய பட்டறை இருந்தது. நாள் முழுக்க நூலைச் சாயத் தொட்டியில் முக்கி முக்கி எடுத்ததில் முழங்கை வரைக்கும் நீலம் ஏறிப்போய்விட்டது. எந்த சோப்புக்கும் போகாது. "இவருக்குக் கிருஷ்ணர் வேஷம் போட்டா பாதி பெயிண்ட் மிச்சம்" என்று பெரியம்மா சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டில் தலைமுறை தாண்டி ஓடுகிற ஜோக் இது.

இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. சொல்லாமல் நிறுத்திவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் பரமத்தி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் ஒரு பெரியவர். வயசு எண்பது இருக்கும். விவசாயி.

"ஏனுங் தம்பி, எந்த ஊருங்க?"

"சேலமுங்க."

வழக்கம்போல 'அங்க என்ன விசேஷம்' என்று கேட்பார், மல்கோவாவில் ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ரசத்தைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"உங்கூருத் தண்ணிதானுங்க எங்க கெணத்துல இருக்குது. ஒரு காலத்துல வாய்க்கால்ல வர்ற தண்ணியப் பாத்தே, சேலத்துல இந்த வாரம் என்ன கலர் பொடவ போடறாங்கன்னு சொல்லிப்போடுவனுங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

திருமணிமுத்தாறு. பெயரைப் பாருங்கள். மணியும் முத்தும்! சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து, சேலத்துக்கு நடுவில் ஓடி, உத்தமசோழபுரத்தில் கரபுரநாதர் கோயிலைத் தொட்டு, நாமக்கல் மாவட்டத்துக்குள் போய், நன்செய் இடையாறு பக்கத்தில் காவிரியில் கலக்கிற ஆறு. என் பாட்டி அதில் குளித்திருக்கிறார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். இரண்டே தலைமுறை. நடுவில் வந்தது ஊர்ச் சாக்கடை, சாயப்பட்டறைக் கழிவு, அதில் என் பெரியப்பாவின் நீலமும் கொஞ்சம்.

சின்ன வயசில் எங்களுக்கு அது விளையாட்டு. பட்டறைக்குப் பின்னால் சாக்கடையில் ஓடும் தண்ணீரைப் பார்த்து "இன்னிக்குப் பச்சை", "இன்னிக்குச் செவப்பு" என்று கத்துவோம். அதே வேடிக்கையை 50 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொருவர் தன் வயலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்கு யார் சொன்னது?

பெரியப்பா கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டறையை நம்பி ஏழெட்டுக் குடும்பம் சாப்பிட்டது. என் காலேஜ் ஃபீஸில் பாதி அவர் கட்டியது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து விடுவதற்குப் பணம் ஆகும். சாக்கடையில் விட்டால் பணம் ஆகாது. செலவு செய்கிறவனின் நூலுக்கு விலை ஏறும், செய்யாதவனின் நூல் விற்றுப் போகும். சந்தையில் பேரம் பேசி, அம்பது ரூபாய் குறைத்து நீங்கள் வாங்கினீர்களே ஒரு புடவை, அந்த அம்பது ரூபாயை யாரோ கொடுத்திருக்கிறார்கள். பரமத்திப் பெரியவர் தன் கிணற்றை வைத்துக் கொடுத்தார்.

இப்போது தாரமங்கலத்துத் தூண்களை நினைத்துப் பாருங்கள். ராமன் இருக்கும் இடத்திலிருந்து வாலி தெரிவார். வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமன் தெரியமாட்டார். அடிபட்டவருக்கு அடித்தவர் யார் என்று தெரியாது. பரமத்திப் பெரியவருக்கு எந்தப் பட்டறை, எந்தத் தொட்டி என்று எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர். 'சேலம்.' எங்கள் நிலைமை ராமனைவிட மோசம். ராமனாவது வாலியைப் பார்த்துத்தான் அம்பு விட்டார். நாங்கள் பார்க்காமலே விட்டோம்.

"நான் என்னங்க பண்ணினேன்? பட்டறை என்னுதா?" என்று அந்தப் பெரியவரிடம் நான் கேட்டிருக்கலாம். சட்டப்படி சரியான கேள்வி. ஆனால் கவனித்தீர்களா, இது என் மருமகள் கேட்ட அதே கேள்வி! 'இதுல நீங்க என்ன பண்ணுனீங்க?' கோயிலைக் காட்டும்போது 'நாங்க' என்றேன். ஆற்றைக் காட்டினால் மட்டும் 'நான் இல்லை, யாரோ' என்று சொன்னால் அது எந்த ஊர் நியாயம்? லாபத்துக்கு மட்டும் பார்ட்னர், நஷ்டத்துக்கு வழிப்போக்கனா?

ஹிட்லரின் ஆட்சி விழுந்த பிறகு, 1946-ல், கார்ல் யாஸ்பர்ஸ் என்கிற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாஜிகளால் பேராசிரியர் வேலையை இழந்தவர் அவர். மனைவி யூதர் என்பதுதான் காரணம். 'எனக்குச் சம்பந்தம் இல்லை' என்று சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவர் அப்படிச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்த வரையில் அவர் சொன்னது இது: குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் செய்தவனைத்தான் கோர்ட் தண்டிக்க முடியும். ஒரு ஜனத்தையே குற்றவாளி என்று சொல்வது அபத்தம். ஆனால் அந்த நாட்டின் பெயரால் நடந்ததற்குப் பதில் சொல்லும் பொறுப்பு அந்த நாட்டின் எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு.

அந்தக் கொடுமையையும் எங்கள் சாக்கடையையும் ஒரே தராசில் வைக்கவில்லை. கணக்கு போடும் முறையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கு ஆற்றோடு நிற்காது. கோயில் பெருமை பேசுகிறோம் இல்லையா? 1947-ல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் என்ன அர்த்தம்? நம் தாத்தாக்கள் காலத்திலும் ஒரு கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தோம் என்று அர்த்தம். சிற்பியின் உளி நம் மரபு என்றால், வாசலில் நின்ற காவலும் நம் மரபுதான்.

'அப்படியானால் ஊர்ப்பெருமையே பேசக் கூடாதா சார்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பேசுங்கள். நானும் பேசுவேன். வெட்கப்படத் தெரிந்தவன்தான் பெருமைப்படவும் முடியும் என்கிறேன். 'நாங்கள்' என்று சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன நிமிஷத்திலேயே கைக்கு ஒரு வேலை வந்துவிடும். கோயில் நேற்றே கட்டி முடித்தாகிவிட்டது, அதில் நான் செய்ய ஒன்றும் இல்லை. ஆறு அப்படி இல்லை. நான் செய்யாத கோயிலுக்குப் பெருமைப்படுவதைவிட, நான் செய்யக்கூடிய ஆற்றுக்குப் பொறுப்பேற்பதில்தான் ஊர்க்காரன் என்ற பட்டத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

பெரியப்பா இப்போது இல்லை. பட்டறையும் இல்லை, எப்போதோ மூடியாயிற்று. கடைசிப் படுக்கையிலும் அவர் நகக்கண்ணில் நீலம் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணராக நின்று ஊரையே கும்பிட வைத்த கை. என்னைப் படிக்க வைத்த கை. யாரோ ஒருவர் கிணற்றில் விஷம் கலந்த கையும் அதுதான். மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட எனக்கு வழி தெரியவில்லை.

லீவு முடிந்து மருமகள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவளைத் திருமணிமுத்தாற்றுப் பாலத்துக்குக் கூட்டிப் போனேன். கீழே கறுப்பாக, நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாட்டி குளித்ததைச் சொன்னேன். பெரியப்பா தாத்தாவின் ஜோக்கைச் சொன்னேன். பரமத்திப் பெரியவர் சொன்னதையும் சொன்னேன்.

ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"அப்போ, இதுவும் நாங்கதானா மாமா?"

"ஆமா கண்ணு. இதுவும் நாங்கதான்."

"சரி. அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

இந்தத் தடவை இளநீர்க் கடை எதுவும் கண்ணில் படவில்லை. "அடுத்த ஆடிக்கு வண்டி வேடிக்கை பாக்க வர்றல்ல, அப்பச் சொல்றேன்" என்று வாய்தா வாங்கியிருக்கிறேன்.

உங்களுக்கு எந்த ஊருங்க?